நீல போர்ட்

என் கம்ப்யூட்டருக்கு வயது பதினான்கு. அதன் யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாமே கறுப்பு. என்னைப் போலவே அவையும் எதையும் மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும்.

மனைவியின் முதல் வருஷத் திதிக்குப் புனேயிலிருந்து மகள் வந்திருந்தாள். மறுநாள் காலை புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை நீட்டி, அம்மா இருக்கிற வீடியோ எல்லாம் வேண்டும் என்றாள். கேமரா வாங்கிய நாளிலிருந்து மனைவியை விடாமல் எடுத்துத் தள்ளியவன் நான். பாதி வீடியோக்களில் என் கட்டைவிரலும் நடித்திருக்கும்.

காப்பி போட்டோம். மீதி ஏழு மணி நேரம் என்று காட்டியது.

"ஏம்ப்பா, இது கம்ப்யூட்டரா, வேடசந்தூர் டவுன் பஸ்ஸா?"

"நின்னு நின்னு போனாலும் ஊரு போய்ச் சேந்துரும் தாயி."

"சாயங்காலம் ரயிலுப்பா. முடியலைன்னா டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டு நாளைக்குப் போறேன்."

நாளைக்கு என்றது காதில் விழத்தான் செய்தது. ஆனால் டவுன் பஸ் என்றது நெஞ்சிலேயே விழுந்துவிட்டது. மானஸ்தன் அல்லவா? காப்பியை நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பினேன்.

கடைக்காரர் பழக்கமானவர். "என்னண்ணே, இன்னும் உசுரோடவா இருக்கு?" என்று என் கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பெட்டி இருக்கு தம்பி" என்று சிரித்தேன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டு கொடுத்தார். அதில் வேகமாக வாங்கிக்கொள்ளும் இரண்டு நீல போர்ட்டுகள். "உள்ள காலியா இருக்குற ஸ்லாட்டுல சொருகுங்க. டிஸ்க்கை மாட்டும்போது மட்டும் சட்டுனு மாட்டணும்ண்ணே. தயங்கித் தயங்கி மாட்டுனா சில நேரம் பழைய வேகத்துலயே ஓடும்."

தயக்கம் எனக்குப் பிறவிக் குணம். பெண் பார்த்துவிட்டு வந்து சம்மதம் சொல்லவே மூன்று மாதம் எடுத்துக்கொண்டவன். அன்றைக்கு மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சுறுசுறுப்பு. பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, பாதியைத் தின்று, கார்டைச் சொருகி, டிஸ்க்கை ஒரே அழுத்தில் மாட்டினேன்.

மீதி ஐம்பது நிமிடம் என்றது.

"எப்புடி?" என்றேன். மகள் எழுந்து அடுப்பில் உலை வைக்கப் போனாள்.

சோறு வடித்து வெஞ்சனம் இறக்குவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு வீடியோவைத் திறந்தாள். அடுப்படியில் முதுகு காட்டி நிற்கும் என் மனைவி, கரண்டியால் கேமராவை விரட்டுகிறாள். "செத்த நேரம் சும்மா இருங்களேன். இந்தா வாரேன்."

எங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரத்தைச் செத்த நேரம் என்போம். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை என்னை ஒன்றும் செய்ததில்லை.

மகள் அதை மூடிவிட்டு, "அப்ப சாயங்கால வண்டிக்கே போயிர்றேன்பா" என்றாள்.

கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டது, அதனால் இரு என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன்.

ஸ்டேஷனில் பையை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:

"ஏம்ப்பா அம்புட்டு அவசரமா கார்டு வாங்கப் போனீங்க? நாளைக்குப் போகலாம்னுதான் இருந்தேன். நான் போனாப் போதும்னு நெனைக்கிறீங்களோன்னு ஆயிருச்சு."

வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். இதற்கு மட்டும் பதில் சொல்ல எனக்குச் செத்த நேரம் வேண்டியிருந்தது.

வண்டி கிளம்பிவிட்டது.