மணி என்று ஒரு பேர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னது பின்னதாக வரும், சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் பேரில் பாதி மணி. எழுதலாம், வாயால் சொல்லத்தான் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில்லை. நேரம் கேட்பதென்றால் "எத்தன அடிச்சிருக்கு?" என்பேன். மணிமுத்தாறு போக பஸ் ஏறி, "அணைக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டு, "பாபநாசமா?" என்ற கண்டக்டருக்குத் தலையை ஆட்டி, பாபநாசத்தில் இறங்கித் திரும்பி வந்தவள் நான். அவர் போய் மூன்று வருஷமாகியும் நாக்கு பழகவில்லை.

போன மாதம் நார்வேயில் என் மகனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேர் விடுவது எங்கள் வழக்கம். "அப்பா பேர வையி" என்றேன்.

"முழுப்பேரு இவங்க வாயில நுழையாது, எம்மா. மணின்னு சுருக்குனா, இங்கத்த பாஷையில அது வெறி, கிறுக்கு மாதிரி. பள்ளிக்கூடத்துல பிள்ளைய கேலி பண்ணியே கொன்னுருவானுவ."

மருமகள் போனுக்குள் எட்டிப் பார்த்தாள். வேலை செய்யும் இடத்தில் விசாரித்தாளாம். "இத்தாலிக்காரங்களுக்கு அது கைகளாம், அத்த. ஸ்பானிஷ் பேசுதவங்கள்ல பாதிப் பேருக்கு நிலக்கடல. ஐஸ்லாந்துல நிலா. சொல்லுத விதம் கொஞ்சம் மாறுமாம். அங்கன ஆம்பளப் பிள்ளைக்கே வைக்காங்க."

எழுத்து ஒன்றுபோல, ஆனால் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லையாம். வெறி கிரேக்கத்திலிருந்து வந்தது, கை லத்தீனிலிருந்து. கடலை, கப்பலில் போனவர்கள் ஏதோ தீவுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு வந்த சொல். நிலா, அந்த நார்வே பக்கத்துப் பழைய பேச்சு. காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன்.

"நிலா நல்லதுதானல? அத நெனச்சு வையி."

"நாங்க இருக்கது நார்வேயிலம்மா. நீ ஒருநாளாவது அந்தப் பேரச் சொல்லியிருக்கியா? நீயே கூப்பிடாத பேருக்கு என்னத்துக்கு மல்லுக்கட்டுத? ஞாயித்துக்கெழம பேர் விடயில வாயத் தொறந்து சொல்லு, வச்சிருதேன்."

அதற்குப்பின் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், அது பொங்கி வழியும். விடிகாலையில் ஆற்றில் கழுத்தளவு நின்று சொல்லிப் பார்த்தேன். 'ம' வரைதான் வந்தது.

"என்ன ஆச்சி, குளுருதா?" என்றாள் துணி துவைத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க அண்ணன் எந்திச்சு வந்து ஏசவா போறாவ, மைனி? சும்மா சொல்லுங்க."

மகன் போனைப் பிள்ளையின் காதருகே பிடித்தான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் என் முதுகில் இடித்தாள். பேர் விடுகிற வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவையும் சொல்லிவிட்டேன். மூன்றாவது சத்தமாகவே வந்துவிட்டது.

மகன் பிள்ளையின் காதிலிருந்து போனை எடுத்தான். "சரிம்மா, பாக்கேன்" என்று போனை வைத்தான்.

வச்சிருதேன் என்றவன் பாக்கேன் என்கிறான். நான்கு நாளாயிற்று. பேர் பதிகிற ஆபீசில் இன்னும் பதியவில்லை என்று மருமகள் சொன்னாள்.

நான் எழுதி வைத்ததெல்லாம் சரிதானா என்று அந்தப் பாஷைகள் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். நார்வேப் பிள்ளைகள் நிஜமாகவே கேலி செய்யுமா என்பதையும் சொல்லுங்கள். செய்யும் என்றால், அவன் பதியுமுன் நானே வேண்டாமென்று சொல்லிவிடுவேன்.