வெண்பன்றிகள் மேல் விழுந்த பழி

முள்ளக்காடு தாண்டி உப்பளம் தொடங்குகிற இடத்தில் நேசக்குமாரின் பன்றிக் கொட்டகை. துறைமுகத்துக்கு நிலக்கரி லாரி ஓட்டியவர், முதுகெலும்பு ஒத்துழைக்க மறுத்த பிறகு லாரியை விட்டுவிட்டு வெண்பன்றி வாங்கினார். லாரிக் காலத்துப் பழக்கம் ஒன்று மட்டும் கூடவே வந்துவிட்டது. மூக்குப்பொடி. தூக்கத்தை விரட்டப் பழகியது, இப்போது தூங்கி எழுந்ததும் கை முதலில் தேடுவதே அந்த டப்பியைத்தான்.

ஆள் முரடு, ஆனால் சுத்தக்காரர். ஓட்டல் மிச்சத்தை வேகவைக்காமல் எந்தப் பன்றிக்கும் ஊற்றமாட்டார். பன்றியைத் தொட்டால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் வீட்டுப்படி ஏறமாட்டார்.

அவர் மனைவி கிரேசிக்குக் கெண்டைக்காலில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கீறிவிட்டார்கள். தினமும் கட்டு மாற்ற வேண்டும். வேறு யாரையும் தொடவிடவில்லை நேசக்குமார். கொட்டகையிலிருந்து வருவார், கையை நன்றாகக் கழுவுவார், பாயில் உட்கார்ந்து ஒரு சிட்டிகை பொடி இழுப்பார், பிறகு பொறுமையாகக் கட்டை அவிழ்த்து, மருந்து வைத்து, புதுத்துணி சுற்றுவார். பூவைத் தொடுவது போலத் தொடுவார். ஆனாலும் புண் ஆறவில்லை. ஆறுகிற மாதிரி வந்து மறுபடி சீழ் வைத்தது.

மருந்துக்கு மசியாத கிருமி என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "வீட்ல ஆடு, மாடு, பன்னி ஏதும் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அது போதாதா? கிரேசியின் அண்ணன் தேவபிரசாதம் நாசரேத்தில் வாத்தியார். மறுநாளே காரோடு வந்து வாசலில் நின்றார்.

"மாப்ள, பன்னி வேணுமா, எந்தங்கச்சி வேணுமா? ஒண்ணு சொல்லும்."

"ரெண்டும் வேணும் மச்சான்."

"அப்ப ரெண்டையும் ஒரே கட்டில்ல படுக்கப் போடும்!"

கிரேசி நொண்டிக்கொண்டே காரில் ஏறினாள். "பன்னி போன பெறகு போன் போடுங்க, வாரேன்" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நேசக்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. பன்றியை விற்றால் பிழைப்புப் போச்சு. விற்காவிட்டால் பெண்டாட்டி போச்சு. வியாபாரி வந்து விலை கேட்டபோது கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் தடுப்பூசி போட வந்தார் கால்நடை டாக்டர் சண்முகப்ரியா. நடந்ததைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்குக் கண் விரிந்தது. பன்றிக்கும் மனுஷனுக்கும் நடுவில் கிருமி போய்வரும் பாதையைத்தான் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கிருமி பெருகப் பெருக அதோட மரபணுவுல அங்கொரு எழுத்து, இங்கொரு எழுத்து மாறும். மாறுன எழுத்தை ஒத்துப் பாத்தா, யார்ட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு பிடிச்சிரலாம்."

"அப்ப எம்பன்னி மேல குத்தமில்லன்னு காட்டிருமா?"

"குத்தவாளின்னும் காட்டலாம். சம்மதமா?"

நேசக்குமார் டப்பியைத் தட்டி ஒரு சிட்டிகை இழுத்தார். "எடு தாயி, பாத்துருவோம்."

அவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடிக்க, டாக்டர் பன்றி மூக்குகளில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார். கொட்டகையே அலறியது. முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"இப்ப உங்க மூக்கைக் காட்டுங்க."

"எம்மூக்கு எதுக்கு? நானுமா பன்னி?"

"பன்னியே காட்டிருச்சு. நீங்க காட்டமாட்டீங்களா?"

காட்டினார். குச்சி உள்ளே போனதும் அவர் போட்ட தும்மலில் பன்றிகள் மூலைக்கு ஓடின. கிரேசியின் புண்ணிலிருந்தும் நாசரேத்தில் சீழ் எடுத்தார்கள். எல்லாம் ஆய்வகத்துக்குப் போயிற்று.

ஒருநாள் காலை டாக்டர் ஸ்கூட்டியில் பறந்து வந்தார். தவிட்டு மூட்டை மேல் மடிக்கணினியைத் திறந்தார். திரையில் கிளைகிளையாகப் பிரிந்த ஒரு மரம்.

"பன்னிட்ட இருக்கதும் அக்கா கால்ல இருக்கதும் ஒரே குடும்பத்துக் கிருமிதான் அண்ணாச்சி."

நேசக்குமார் கொட்டகைப் பக்கம் திரும்பினார். "போச்சு!"

"பொறுங்க. நடுவுல கருப்பா இத்தனை புள்ளி இருக்கு பாத்தீங்களா? மூத்த குடும்பம் இதுதான். இதுல ஒரு தம்பி பன்னிட்டப் போய்க் குடியேறியிருக்கான். இன்னொரு தம்பி அக்கா கால்ல. பன்னிட்ட இருந்து யாரும் அக்காகிட்டப் போகல."

"அந்த மூத்த குடும்பம் எங்க இருக்கு?"

"உங்க மூக்குல."

நேசக்குமார் தன் விரல்களைப் பார்த்தார். ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் பொடிக்கறை. பன்றியைத் தொட்டால் கழுவினார். மூக்கைத் தொட்டதற்கு எவன் கழுவுவான்? கழுவிய கையால் பொடி இழுத்து, அதே கையால்தானே அத்தனை நாளும் புண்ணைத் தொட்டார்!

ஒரு நொடி முகம் கறுத்தது. மறுநொடி துள்ளி எழுந்தார். "ஏலே, உங்க மேல குத்தமில்லலே!" என்று கொட்டகையைப் பார்த்துக் கத்தினார். டப்பியை எடுத்துப் பன்றித்தீவனம் கொதித்த அடுப்பிலேயே வீசினார். டாக்டர் தும்மத் தொடங்கினார். அதற்குள் நேசக்குமார் போனை எடுத்துவிட்டார்.

"ஏளா கிரேசி! பன்னி இல்லளா! நான்தான்! எம்மூக்குதான்!"

டாக்டர் போனை வாங்கி விவரம் சொன்னார். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. நாசரேத்துக்குப் போன பிறகு கிரேசி சிரித்ததே இல்லையாம், அண்ணன் பின்னால் சொன்னார்.

"அப்ப விக்க வேண்டியது உங்களைத்தான்" என்றாள் கிரேசி.

"வித்துக்கோளா! எவன் வாங்குவான்?"

"அதான் பாக்கேன். மூக்கு சுத்தம்னு டாக்டரம்மா சொல்லட்டும், மறுநா வாரேன்."

மூக்கில் தடவக் களிம்பு, குளிக்கத் தனிச் சோப்பு. பொடி இல்லாத நாட்களில் தேள் கொட்டியவர் போலக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாசரேத்தில் அண்ணன் மனைவி கட்டு மாற்ற, கிரேசியின் புண் உலர ஆரம்பித்தது. நேசக்குமார் மூக்கில் மறுபடி எடுத்த குச்சியில் அந்தக் கிருமி இல்லை என்று வந்தது.

சொன்னபடி மறுநாள் பஸ்ஸிலிருந்து நொண்டாமல் இறங்கினாள் கிரேசி. ஓடிவந்து பையை வாங்கப்போன நேசக்குமாரைத் தடுத்து, "கையை நீட்டுங்க" என்றாள். நீட்டினார். இரண்டு விரலையும் பிடித்து மோந்து பார்த்தாள். சோப்பு மணம்தான்.

"சரி, இப்பத் தூக்குங்க பையை."