கடைக்குள் ஒரு ஸ்டூல்

ஊனமுற்றவர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்கும் எங்கள் அலுவலகம் தம்பானூரில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. கீழ்த்தளத்துக்கு வாடகை கட்டாது என்று நிர்வாகிகள் மாடியைப் பிடித்திருந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பற்றிக் கேட்டேன். "வருகிறவர்களுக்கு அதுவும் ஒரு பயிற்சி" என்றார் மூத்தவர் ஒருவர். அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை தேடித் தருவது என் பொறுப்பு. காலையில் குடையும் பையுமாகக் கிளம்பி, சாலைக் கடைத்தெரு, ஆரியசாலை, பழவங்காடி என்று கடை கடையாக ஏறி இறங்குவேன். முதலாளிகள் என்னைக் கண்டதும் மேசை டிராயரைத் திறப்பார்கள். நன்கொடைக்கு வந்தவள் என்று நினைப்பு. வேலை கேட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னால் டிராயரை மூடிவிட்டு டீ வரவழைப்பார்கள். வயிறு புண்ணானதுதான் மிச்சம். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல முடியாது. ஏதாவது கொடுத்து அனுப்பிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியான முகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பெண் ஆரியசாலையிலிருந்து வந்தாள். அப்பா மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதினார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். குழந்தையில் வந்த போலியோவில் அவளுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டை வைத்த காலிபர் போட்டுக்கொண்டு நடந்தாள். அதில் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் உண்டு. எழுந்து காலை நீட்டினால் வளையம் கீழே இறங்கி 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் அதைக் கையால் மேலே தூக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி, பேச்சை நிறுத்தாமல் பாவாடைக்கு மேலாகவே அதைத் தூக்கிவிட்டு உட்காருவாள்.

முதல் நாள் மூச்சு வாங்க மேலே வந்து நின்று, "இந்தப் படி ஏறினாலே பாதி இண்டர்வியூ பாஸ் ஆச்சுல்லா டீச்சர்?" என்று கேட்டாள். கேரளத்தில் பயிற்சி கொடுக்கிறவர்கள் எல்லோரும் டீச்சர்தான். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

அவளுக்கு வேலை அவசரமாகத் தேவைப்பட்டது. திருநெல்வேலியில் அவளுடைய அத்தை ஒருத்தி வாதத்தில் படுத்துவிட்டாள். எடுக்க, குளிப்பாட்ட, கூடவே இருக்க ஒரு ஆள் வேண்டும். கல்யாணம் ஆகாதவள், வீட்டோடு இருக்கிறவள் என்று இவளை அனுப்பிவிட இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். அப்பாவிடம் அழுது தீபாவளிவரை தவணை வாங்கியிருந்தாள். அதற்குள் ஒரு வேலை கிடைத்து நிலைக்க வேண்டும். இல்லையென்றால் அத்தை மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

"போனா திரும்பி வரமுடியாது டீச்சர்" என்றாள். "அங்க யாரும் என்னைய வேலைக்காரின்னு சொல்லமாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

வேலை கேட்கப் போகும்போது எப்படிப் பேசுவது என்று நாங்கள் ஒத்திகை நடத்துவோம். என் பாடம் ஒன்றுதான். உங்களுக்கு என்ன முடியாது என்று நீட்டி முழக்காதீர்கள். வேலை செய்ய என்ன வேண்டும் என்று கேளுங்கள், அதுவும் ஒன்றே ஒன்றாகக் கேளுங்கள். மற்றவர்கள் தடுமாறினார்கள். அவள் உடனே, "எனக்கு ஒரு ஸ்டூல் வேணும்" என்றாள்.

பழவங்காடிப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பாக்கிங் பகுதிக்கு ஆள் தேவைப்பட்டது. முதலாளி திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஆளைப் பார்த்தார், அவள் ஒரு புடவையை மடித்துக் கட்டும் வேகத்தைப் பார்த்தார், சரி என்றார். ஸ்டூல் என்றதும் முகம் மாறிவிட்டது.

"டீச்சரே, எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில ஆரும் உக்காந்ததில்ல. நானே உக்காரமாட்டேன் பாத்துக்கிடுங்க. விக்கிறவன் உக்காந்திருந்தா வாங்க வாறவன் உள்ள ஏறமாட்டான்."

சொல்லிவிட்டு வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, நரம்பு சுருண்டு புடைத்த கெண்டைக்காலைக் காட்டினார். அதைப் பெருமையாகக் காட்டினார் என்பதுதான் விசேஷம். அந்த ஊரில் ஜவுளிக்கடை என்றால் அதுதான் வழக்கம். வாடிக்கையாளருக்கு மெத்தை போட்ட பெஞ்சு உண்டு. விற்கிற பெண்கள் கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் தொண்டையைக் கனைப்பான். நான் விடவில்லை. வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பாக்கிங் மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், அவளுக்கு மட்டும் என்று கடைசியில் சம்மதிக்க வைத்தேன். அன்றைக்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வேலைக்கு விட்டவர்களை இடையிடையே போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். சில வாரம் கழித்துப் போனபோது அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஸ்டூலில் வேறொரு பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால்விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். இது என்ன கூத்து என்று நான் வாயெடுப்பதற்குள், இவள் புடவைக்கு மேலாகக் கையை வைத்து வளையத்தைத் தூக்கிக் கீழே போட்டாள். 'டக்'. ஸ்டூலில் இருந்தவள் துள்ளி எழுந்து, கையில் அகப்பட்ட துணியை மடிக்க ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் எங்களைக் கடந்து போனான். அவன் தலை மறைந்ததும் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள்.

பாக்கிங் மேசையிலிருந்து பார்த்தால் கடை முழுக்கத் தெரியும். அதனால் காவல் வேலை இவளுடையது. கடை மாடியில் நின்று விற்கிற பெண்கள்கூட முறை வைத்து இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

"ஸ்டூலு உனக்கு வாங்கினது" என்றேன்.

"எனக்கு வலிக்க காலு ஒண்ணு. அவளுகளுக்கு ரெண்டும்லா டீச்சர் வலிக்கி" என்று சிரித்தாள்.

ஓணக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். இரைச்சலில் 'டக்' யார் காதிலும் விழவில்லை. அண்ணாச்சியே வந்து நின்றுவிட்டார். மறுநாள் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்.

"ஒரு ஸ்டூலு கேட்டீங்க, குடுத்தேன். இப்ப கடையே உக்காருது. நான் ஜோலியை விட்டுப் போவச் சொல்லல. அவ மட்டும் உக்காரட்டும், மத்தவளுக ஒருத்தியும் உக்காரக்கூடாது. சரின்னு அவ வாயால எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. சரி என்று சொல் என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தாள்.

"அப்ப ஸ்டூலு வேண்டாம் அண்ணாச்சி, எடுத்துக்கிடுங்க" என்றாள்.

அவர் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கோயில் முக்குக்குக் கூட்டிவந்து கண்டபடி திட்டினேன். வீம்பு பிடித்தவள் என்றேன், அத்தை வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொள் என்றேன். அதே கடைக்கு இன்னும் இரண்டு பேரை அனுப்ப நினைத்திருந்தேன். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. அவள் கோயிலுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்த பிச்சைக்காரர்கள் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவளுக அம்புட்டு பேரும் நிக்கும்போது நான் மட்டும் உக்காந்தா அது ஸ்டூலு இல்ல டீச்சர். அம்பல வாசல்ல விரிச்ச துண்டு."

கோபம் தீராமலேயே பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அவள் நின்றே வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிபரின் தோல் வாரை மாற்ற எங்கள் இடத்துக்கு வந்தாள். கழற்றிய வாரில் தொடைப் பக்கம் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. போதும், விட்டுவிடு, வேறு இடம் பார்க்கலாம் என்று சொன்னேன். "தீபாவளி கழியட்டும்" என்றாள். வேறு இடம் எதுவும் என் கையில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

தீபாவளி முடிந்து கூட்டம் ஓய்ந்ததும் கடைக்குப் போனேன். அவளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். குடையை மறந்துவிட்டதால் மழைக்காக வெள்ளைத் துண்டு ஒன்றை முகம் பாதி மறையத் தலையில் சுற்றியிருந்தேன். வாசல் பக்கத்து மேசையில் என்னைத் தெரியாத புதுப் பெண் ஒருத்தி நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துணி அளக்கும் இரும்பு மீட்டர் கம்பியை மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த மேசையிலும் ஒருத்தி தட்டினாள். அதற்கடுத்த மேசையிலும் தட்டினார்கள். சத்தம் எனக்கு முன்னால் கடையின் கடைசிவரை போயிற்று. பாக்கிங் மேசையில் அவள் இல்லை. மேசைக்குப் பின்னால், சரக்கு அடுக்கும் அறைக்குள்ளிருந்து 'டக்' என்று கேட்டது.

இரண்டு புடவைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படு சுறுசுறுப்பாக வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் தளர்ந்தது.

"ஓ, டீச்சரா!" என்றாள். பிறகு கடைப் பக்கம் திரும்பி, "நம்முடெ டீச்சராணு" என்று மலையாளத்தில் குரல் கொடுத்தாள்.

உள்ளே கூட்டிப் போனாள். பேல் என்று சொல்லும் பெரிய துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நாலு புடவை மடிக்க வேண்டுமானால் அவற்றை இங்கே கொண்டுவந்து கொடுப்பார்களாம், வெளியே இவள் இடத்தில் யாராவது ஒருத்தி நின்றுகொள்வாளாம். மாடியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, அது மற்றப் பெண்களுக்கு என்றாள்.

"அத்தை மகன் வந்தான் டீச்சர். கடையில ஆள் இல்ல, விடமாட்டாங்கன்னு சொல்லிட்டேன். அப்பாவும் சும்மா இருந்துட்டாரு." வளையத்தைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்துப் பேலைத் தட்டிக் காட்டினாள். "நீங்களும் நடந்துதானே வந்தீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வார்த்தை பேசியிருப்போம். வாசலில் மீட்டர் கம்பி தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் காலை நீட்டி எழுவதற்குள் நான் எழுந்து நின்று, கையில் அகப்பட்ட ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தேன்.