திரையைப் பார்க்காத பெண்மணி

புத்தூரில் ஒரு மருத்துவமனை. உள்ளே என் கணவருக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே கலக்கத்தோடு காத்திருந்தேன். சுவரில் இருந்த டிவியில், உண்மையான கொலை வழக்கை வைத்து எடுத்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது.

பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கஞ்சி போட்ட சுங்குடிப் புடவை, தடித்த கண்ணாடி. அவர் படத்தைப் பார்க்கவில்லை. படம் பார்க்கிறவர்களின் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போலிருந்தது.

"கொலை பண்ணது அந்த ஆள்தான்னு நம்புறீங்களாங்க?" என்று திடீரென்று கேட்டார்.

"கடைசியில தூக்குல போடுறாங்களே."

"படத்துல போட்டாங்க. நிஜத்துல சாட்சி பத்தலன்னு விட்டுட்டாங்க. அவர் எங்க அப்பாங்க. வீட்டுக்கு வந்து எனக்குத் தலை பின்னிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்புனாரு. ஆனா இந்தப் படம் வந்தப்புறம் ஸ்ரீரங்கத்துல எங்களுக்கு யாரும் வாடகைக்குக்கூட வீடு குடுக்கல."

"அவர் செய்யலதானே?" என்றேன்.

"ஒருநாளும் கேட்டதில்லைங்க. இப்ப ஐசியூல இருக்காரு. இன்னிக்குத் தாங்காதுன்னுட்டாங்க. இப்பவாவது கேட்டுடட்டுமா?"

அதற்குள் நர்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் திரும்பி வந்து தளர்ந்து உட்கார்ந்தார்.

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க. தண்ணி வேணுமாப்பான்னுதான் கேட்டேன்."

அவருடைய பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் அதைக் கேட்காமல் வந்ததில் எனக்கு ஏன் அத்தனை நிம்மதி என்று இன்றும் புரியவில்லை.