அக்கா மாற்ற மறுத்த மதிப்பெண்

அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. "யார் மனமும் நோகாமல் வாழ்ந்தார்" என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி உறவினர் சிலர் சொன்னார்கள். எழுத மாட்டேன். அக்கா பலர் மனத்தை நோகடித்தார். என் மனத்தையும்தான்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எங்கள் துணிக்கடையின் மாடியில் பிறந்தவர் அவர். தமிழ்ப் பள்ளியில் இடமில்லை என்றதும் அப்பா அவரைச் சீனப் பள்ளியில் சேர்த்தார். "தமிழ்ப் பெண்ணுக்குச் சீனம் எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு முதல் மாணவியாகத் தேறிப் பதில் சொன்னார். ஐம்பதுகளின் இறுதியில் பல்கலைக்கழகத்தில் சீனமொழி விரிவுரையாளரானார்.

அங்கே பழங்கவிதைகளை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவர்கள், வேலைக்குப் போன இடத்தில் அன்றாடச் சீனம் பேசத் தெரியாமல் தடுமாறினார்கள். அக்கா புதுப் பாடத்திட்டம் வகுத்தார். மருந்தகம், நீதிமன்றம், துறைமுகம் என வேலைக்கு ஒரு பாடம். தேர்வும் அந்தந்த இடத்திலேயே. மருந்தகத் தேர்வில், மருந்து உண்ணும் முறையை மாணவர் சீனத்தில் விளக்க, நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தப்பாகச் சொன்னால் மாணவருக்குத் தோல்வி.

அந்தப் பாடத்தைப் படித்த முதல் அணியில் அவர் தம்பியான நானும் இருந்தேன். ஆற்றில் தொங்கான் என்னும் சரக்குப் படகு ஓட்டும் சீனர் ஒருவருக்கு அலங்காரமாக விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். திருப்பிச் சொன்னபோது, மூன்று நாள் மருந்தையும் அன்றைக்கே குடித்துவிடுவதாகச் சொன்னார். அக்கா குறுக்கிட்டு நாலே சொற்களில் அவருக்குப் புரியவைத்தார். எனக்கு முட்டை போட்டார்.

புதுப் பாடத்தை விரும்பாத பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு ஏற்கெனவே வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது, அவல் கிடைத்துவிட்டது. "உங்கள் தம்பியே தேறவில்லை. அவருக்குத் தேர்ச்சி கொடுத்துவிட்டு இந்தத் தேர்வைக் கைவிடுங்கள். இல்லையேல் பாடத்தையே மூடுவோம்" என்றார்கள்.

நானும் கெஞ்சினேன். "ஒரே ஒரு பேப்பர்தானே லா! பாஸ் போட்டுடுக்கா. உன் கோர்ஸும் பிழைக்கும்."

"கோர்ஸ் பிழைக்கும். அந்த ஆளு பிழைப்பாராடா? மறுபடி படி."

"சொந்தத் தம்பிடி, கல்நெஞ்சுக்காரி!" என்று அம்மா கத்தினார். அக்கா சாப்பிட்ட தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் குழுவிடம், "மூடுவதென்றால் மூடுங்கள். அதற்குமுன் உங்களில் ஒருவர் வந்து அந்தத் தொங்கான்காரருக்கு மருந்தை விளக்குங்கள்" என்றாராம். ஒருவரும் வரவில்லை. பாடமும் மூடப்படவில்லை. நான் ஓராண்டு அவரோடு பேசவில்லை. ஆனால் படித்தேன், தேறினேன். பிறகு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரானேன்.

அக்காவின் கடைசி வாரத்தில், சீனத் தாதி ஒருவர் மருந்து வேளைகளை என்னிடம் சீனத்தில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே அக்கா, "தம்பி, அவங்ககிட்ட திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். பிசகவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அவரைக் கவனித்த தாதியருக்கும், தோள் கொடுத்த நண்பர்களுக்கும், பெயர் தெரியாத அந்தத் தொங்கான்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின்னட்டைக்கு அக்காவின் படம் கேட்டார்கள். என் மதிப்பெண் தாளைப் போட்டிருக்கிறேன். முட்டை அப்படியே இருக்கிறது. கீழே அக்காவின் கையெழுத்தும் இருக்கிறது.