எறும்பு வராத பின்வளவு

அக்காவின் மூத்திரத்தில் எறும்பு மொய்த்தது. இப்படித் தொடங்கினால் சிலருக்கு அருவருக்கும். அருவருக்கட்டும். அவளுடைய சீனி வருத்தத்தை எங்கள் வீடு அப்படித்தான் அறிந்தது.

அறுபதுகளின் தொடக்கம். தேற்றாத்தீவில் அக்காவின் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். மூன்றாவது பிள்ளை அவள் வயிற்றில் ஏழு மாதம். பின்வளவில் அவள் குந்தி எழும்பிய இடத்தில் கறுப்பெறும்பு வரிசை கட்டியது. கிளினிக்கில் தாதி மிஸி மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார். அது செங்கல் நிறமானது.

"சீனி இருக்கு. சோத்தக் குறை, இனிப்பத் தொடாத. புள்ள பிறந்தா மாறிடும்" என்றார்.

பிள்ளை பிறந்தான். பத்து இறாத்தல். பார்க்க வந்த பெண்கள் எல்லாரும், "ராசா மாதிரிக் கிடக்கான்கா!" என்று வாயைப் பிளந்தார்கள். கிழிந்து கிடந்த அக்காவை ஒருத்தியும் பார்க்கவில்லை.

அம்மா ஒவ்வொரு காலையும் பின்வளவுக்குப் போய்க் குனிந்து நிலத்தைப் பார்ப்பாள். இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் எறும்பு இல்லை. அடுத்த நாளும் இல்லை. அம்மா சர்க்கரை போட்டுப் பொங்கி, முதல் கரண்டியை அக்காவின் வாயில் வைத்தாள். "இனிப் பயமில்ல. தின்னு மகள்." நானும் தின்றேன். திரும்ப ஒரு தரம் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. மிஸியும் வரச் சொல்லவில்லை. எறும்பு சொன்னதே போதும் என்று இருந்துவிட்டோம். மடைச்சிகள்.

எட்டு, ஒன்பது வருடம் போனது. அக்காவுக்கு முப்பத்தேழு வயது. தண்ணீர்க் குடத்தோடு பாதி வழியில் நிற்கத் தொடங்கினாள். முதுகு பிடிக்கிறது என்பாள். தாடை உளைகிறது என்பாள். அவள் புருசன், எங்கள் அத்தான், வாய்வு என்றார். உள்ளி சுட்டுக் கொடுத்தோம், ஓமத் தண்ணி கொடுத்தோம், நான் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன். தாடை உளைவுக்கு ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கினார்கள். பூச்சி, சொத்தை ஒன்றும் இல்லாத நல்ல பல். உளைவு நிற்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளை பஸ்ஸில் ஏற்றி மட்டக்களப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு இளம் டொக்டர் சேலைக்கு மேலாலேயே குழாயை வைத்துப் பார்த்தார்.

"சீனி வருத்தம் இருக்கா?"

அக்கா வாயெடுக்குமுன் நான் சொன்னேன்: "இல்ல ஐயா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "புள்ளத்தாச்சியா இருக்கக்க..." என்று தொடங்கினாள்.

"அது எப்பயோ மாறிட்டு. சும்மா இரு" என்றேன்.

டொக்டர் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "இந்த வயசில நெஞ்சு வருத்தம் பொம்புளையளுக்கு வராது. வேலைக் களைப்பு" என்று ஒரு போத்தல் மருந்துக்குத் துண்டு தந்தார்.

பஸ்ஸில் அக்கா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "ரோசா நிறமா இருக்கு. குடிச்சா நானும் சிவந்திருவனோ?"

"சிவந்தா அத்தான் ஊர் வேலியெல்லாம் பாயாம வீட்டில கிடப்பாரு" என்றேன். பஸ் முழுக்கக் கேட்கச் சிரித்தோம்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சீனி வந்தவளுக்கு, அது போன பிறகும் விடாமல் சோதிக்க வேண்டும், நெஞ்சையும் பார்க்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். என் மகளின் கிளினிக்கில் ஒரு சின்னப் பெண் இதை எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். "இத அப்ப ஏன்டி சொல்லல்ல?" என்று அவள் மேல் பாய்ந்தேன். பாவம், அப்போது அவள் பிறந்திருக்கவே இல்லை.

மட்டக்களப்புக்குப் போய்வந்த அந்த வருட அறுவடைக்கு வாவிக்கு அக்கரையில் இருந்த எங்கள் வயல் வட்டைக்குப் போனோம். வெட்டுக்காரருக்கு மத்தியானச் சோறு அக்காவின் பொறுப்பு. உலையில் அரிசியைப் போட்டவள் அப்படியே வரம்பில் இருந்துவிட்டாள். வியர்வை குளித்ததுபோல் ஓடியது.

"நெஞ்சில ஆரோ ஏறி இருக்காப்போல கிடக்குகா" என்றாள் என்னிடம்.

அத்தானும் வெட்டுக்காரர் ஒருவரும் அவளைப் பாயில் வைத்துத் துறைக்குத் தூக்கி வந்தார்கள். பாதை மறுகரையில் நின்றது. வாவியைக் கடக்கும் பலகை ஓடத்தை நாங்கள் பாதை என்போம். அதை விட்டால் வேறு வழி இல்லை. மறுகரையில் நடப்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு வண்டில் மாடு பலகையில் ஏற மாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது. மூன்று பேர் தள்ளினார்கள். நான் துறையில் நின்று கத்தினேன். மாட்டை, பாதை ஓட்டியை, அவன் ஆத்தையை எல்லாம் ஏசினேன். ஓட்டி கையை உயர்த்திக் காட்டினான். பொறு என்கிறான்.

"கத்தாதகா" என்றாள் அக்கா. "அந்த மனிசன் என்ன செய்வான், மாடு ஏறல்ல."

பிறகு, "சோறு கரியப் போகுது, ஆரையும் பாக்கச் சொல்லு" என்றாள்.

நான் அவள் நெஞ்சைத் தேய்த்தேன். வாய்வுக்குத் தேய்ப்பதுபோல்தான். வேறு எனக்கு என்ன தெரியும்?

மாடு ஏறியது. பாதை தண்ணீரில் ஆடி ஆடி வந்தது. என் கைக்குக் கீழே அவள் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றபோது அது பாதி வாவிகூடத் தாண்டவில்லை. நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

பாதை வந்து முட்டியது. முதலில் மாடு இறங்கி நடந்து போனது. அத்தான் அவசரமாக அக்காவைத் தூக்கக் குனிந்தார்.

"வேணாம் அத்தான்" என்றேன்.