மச்சாள் ஏற்றுக்கொண்ட பூ

கனடாவில் நான் முதன்முதலாக அம்மனைக் கண்டது கோயிலில் அல்ல; வைன் கிளாஸ்கள் அடுக்கியிருந்த ஒரு மண்டபத்தில். நகரத்துக்கு வெளியே இருந்த றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகக் கார் வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரத்துக்குள் பார்க்டேலில் குடியிருந்த எங்களுக்கு, தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் போகிற இடம்தான் உலகம். ஒரு முழ உயரமான வெண்கலச் சிலை அது. கறுப்புப் பீடத்தில், சுற்றிவரச் சிவப்புக் கயிறு கட்டியிருக்க, பூவும் பொட்டும் இல்லாமல் நின்றாள்.

அந்த மண்டபம் ஓர் ஓவிய அருங்காட்சியகத்தினுடையது. ஆண்டுக்கொருமுறை நகரத்துப் பணக்காரர்கள் அங்கே கூடி விருந்துண்டு நடனமாடுவார்கள். அதில் சேரும் நன்கொடையில் அருங்காட்சியகம் புதிய கலைப்பொருட்களை வாங்கும். வாங்கப்போவது இவைதான் என்று விருந்தினருக்குக் காட்டுவதற்காக, விற்பவரிடமிருந்து அவற்றை இரவலாகக் கொண்டுவந்து மேசைகளுக்கு நடுவே வைப்பது வழக்கம். சாப்பாட்டுக்குப் பொறுப்பான கம்பெனியில் நானும் மச்சாளும் மேசை அலங்கரிக்கும் வேலை செய்தோம். மச்சாள் என் கணவரின் அக்கா.

மச்சாளுக்கு அந்த விருந்து ஒவ்வொரு வருடமும் புதிய வேடிக்கை. "கலியாணவீடும் இல்லை, சாமத்தியவீடும் இல்லை. ஒரு சாமான் வாங்கிறதுக்கு ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுறாங்கள்," என்பார். கை துடைக்கும் துணிகளை விசிறிபோல மடிக்கச் சொன்னால் தாமரை மொட்டாக மடித்துவைப்பார். திருத்திப் பார்த்த சுப்பர்வைசர் இரண்டாம் வருடம் விட்டுவிட்டார். மாலையில் நாங்கள் வேலை முடிந்து வெளியேறும்போது விருந்தினர் வரத் தொடங்குவார்கள். முதுகு முழுவதும் தெரிய உடுத்துவந்த ஒரு பெண்மணியைப் பார்த்து, "பாவம், தையல்காரன் பாதியிலை ஓடிட்டான் போல," என்று என் காதுக்குள் சொன்னார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

மூன்றாம் வருடம்தான் அம்மன் வந்தாள். அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். இதயத்தில் ஓட்டை. விருந்து சனிக்கிழமை, அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை. அந்தச் சனிக்கிழமை மதியம் வெள்ளை ரோஜாக்களை ஜாடிகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று கையில் இருந்தது. கயிற்றைத் தாண்டியதோ பூவை அவள் பாதத்தில் வைத்ததோ யோசித்துச் செய்த காரியமல்ல. தண்டிலிருந்த ஈரம் வெண்கலப் பாதத்தில் வடிந்தது. எனக்கு அவள் அம்மன். அங்கே நின்றவர்களுக்கு அவள் இன்னும் விலை பேசி முடியாத, ஒருவரும் தொடக்கூடாத பொருள்.

சற்று நேரத்தில் அருங்காட்சியகத்துப் பெண் ஒருவர் அதைக் கண்டு வாயில் கை வைத்தார். கையுறை போட்டவர்கள் ஓடிவந்து பாதத்தைப் பஞ்சால் ஒற்றினார்கள், படம் எடுத்தார்கள். சுப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்தி, யார் செய்தது என்று கேட்டார். எனக்கும் என் கணவருக்கும் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. போலீஸ் வந்தால் என்ன ஆகும், செவ்வாய்க்கிழமை பிள்ளையின் பக்கத்தில் யார் நிற்பது என்ற இரண்டு எண்ணங்களைத் தவிர என் தலைக்குள் ஒன்றுமில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"மீ, சேர்," என்றார் மச்சாள். "ஷீ இஸ் மை கோட்." கடவுளைத்தான் அப்படிச் சொன்னார்.

போலீஸ் வரவில்லை. மச்சாளை மட்டும் அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் தங்கியிருந்த கணவரைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்கு அவருக்கு ஒரு வேலைக் கடிதம் தேவைப்பட்டது. அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதம் கிடைக்கவேயில்லை. புது வேலை தேடி, அங்கே கடிதம் தரும் அளவுக்குக் காலம் வேலை செய்து, அவர் கணவர் வந்து இறங்க இரண்டு வருடம் பிந்தியது. அன்று வீட்டில், நான் அழத் தொடங்கியபோது, "வாயைத் திறவாதை. செவ்வாய்க்கிழமை முடியட்டும்," என்று மட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

காலப்போக்கில் அது மச்சாளின் கதையாகிவிட்டது. பிறந்தநாள், குடிபுகல் என்று எங்கே கூடினாலும், வெள்ளைக்காரரின் திருவிழாவில் தான் அம்மனுக்குப் பூ வைத்ததைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கடிதத்தைப் பற்றி அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

சென்ற மாதம், கர்ப்பமாக இருக்கும் என் மகளிடம், குழந்தையின் இதயத்தை இன்னொருமுறை வடிவாக, கவனமாகப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார்; அதற்கு ஒரு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து, என் வேண்டுதலுக்கு இன்னொருத்தி தண்டனை அனுபவித்தாளே, அந்தக் கணக்குத்தான் இப்போது திரும்பி வருகிறதோ என்று மனம் அரித்தது. படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவிலுள்ள மச்சாள் வீட்டுக்குப் போனேன். அவர் இடியப்பம் பரிமாறிக்கொண்டிருந்தபோது, மகள் கேட்கும்படியாகவே சொன்னேன்.

"மச்சாள், அந்தப் பூவை வைச்சது நான்."

அவர் கை நிற்கவில்லை. "விசரி. நான் எல்லோ வைச்சனான். நீ பக்கத்திலை நடுங்கிக்கொண்டு நிண்டனி."

"இல்லை மச்சாள், உங்கடை கடிதம்..."

"என்ன கடிதம்? அந்த மனுசன் பிந்தி வந்ததாலை எனக்கு ரெண்டு வருசம் நிம்மதி," என்றார்.

மகள் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப மாமி, நீங்கள் என்ன விஷ் பண்ணினீங்கள்?"

"வேறை என்னத்தை? உன்னைத்தான் கேட்டனான். தந்தவ. தந்ததைத் திருப்பிக் கேக்கிற ஆள் இல்லை அவ. உன்ரை வயித்திலை இருக்கிறதும் அவ தந்ததுக்குள்ளைதான்."

இதைச் சொல்லும்போது மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. மறந்துவிட்டாரா, இன்னும் எனக்காகக் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாரா, என்னால் சொல்ல முடியவில்லை. என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

"சாப்பிடு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன்," என்றார்.